சாவி திருட்டுப் போனால் முதலில் பழைய சாவியை அழியுங்கள், புதுச் சாவி அப்புறம்

ஒருவர் கேட்டது இதுதான்: கோயம்புத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மனைவியின் கைப்பை திருட்டுப் போய்விட்டது. உள்ளே செல்போன், வீட்டுச் சாவி, கார் சாவி, ஆர்சி நகல். கார் 2019 மாடல், சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்யும் வகை, சாவியின் தலையிலேயே ரிமோட் பட்டன் இருக்கிறது. இரண்டாவது சாவி வீட்டில் பத்திரமாக இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் "புதுச் சாவிக்கு ஆர்டர் போட்டுவிட்டோம், பத்து நாளில் வரும், அப்போது காரைக் கொண்டு வாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். இது போதுமா?

போதாது. அந்தப் பத்து நாளும் உங்கள் கார் சாவி திருடன் கையில் வேலை செய்யும் நிலையில்தான் இருக்கும். புதுச் சாவி உங்கள் வசதிக்கு. உங்கள் பாதுகாப்புக்கு வேண்டியது, திருட்டுப் போன சாவியைக் காரின் நினைவிலிருந்து அழிப்பது. அதற்குப் புதுச் சாவி வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் பெரும்பாலான கார்களில் கிடையாது. கையில் இருக்கும் ஒரே சாவியை வைத்தே இன்றைக்கே அழிக்கலாம். பத்து நாள் கழித்துப் புதுச் சாவியைச் சேர்த்துக்கொள்ளலாம். புரோகிராமிங் கூலி இரண்டு தடவை கேட்பார்கள், கொடுங்கள், அது வீண் செலவு இல்லை.

காருக்கு முன்னால் வீட்டைப் பாருங்கள். வீட்டுச் சாவியும் ஆர்சி நகலும் ஒரே பையில் போயிருக்கிறது, ஆர்சியில் உங்கள் முகவரி அச்சடித்து இருக்கிறது. ஆகவே இன்று ராத்திரிக்குள் வீட்டுப் பூட்டை மாற்றுங்கள். செல்போனுக்கு சிம்மை முடக்குவதோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) கொடுத்து போனையே முடக்கலாம். உங்கள் காருக்குக் கம்பெனி ஆப் இருந்து, அதை அந்த போனில் போட்டு வைத்திருந்தால், அதுவும் ஒரு சாவிதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டை மாற்றி, எல்லா போன்களிலிருந்தும் வெளியேறும்படி செய்யுங்கள். இதைச் சொல்லக் காரணம், எல்லோரும் உலோகச் சாவியைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டு ஆப்பை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது கார். உங்கள் சாவி ஒரே பொருளாகத் தெரிந்தாலும் அதில் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன, மூன்றையும் தனித்தனியாகத்தான் செயலிழக்க வைக்க வேண்டும். முதலாவது, வெட்டிய உலோகம். அது கதவுப் பூட்டையும் இக்னிஷன் பூட்டையும் திருப்பும், கூடவே ஸ்டியரிங் லாக்கையும் விடுவிக்கும். இரண்டாவது, பிளாஸ்டிக் தலைக்குள் இருக்கும் டிரான்ஸ்பாண்டர் சிப். அரிசிமணி அளவுக் கண்ணாடிக் குழாயாகவோ சின்னக் கருப்புக் கட்டியாகவோ இருக்கும், அதற்கு பேட்டரி கிடையாது. சாவியைத் திருகும்போது இக்னிஷன் பூட்டைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள் ஒரு மின்காந்தப் புலத்தை உண்டாக்கும், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ். அந்தச் சக்தியிலேயே சிப் உயிர்பெற்று, கார் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லும். விடை சரியாக இருந்தால்தான் இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு அமைப்பு இன்ஜினை ஓட விடும். மூன்றாவது, ரிமோட். பட்டனை அழுத்தினால் கதவு திறப்பது அதுதான், அதற்குத்தான் வட்ட பேட்டரி.

ரிமோட் பேட்டரி செத்துப்போன சாவியிலும் கார் ஸ்டார்ட் ஆகிறதே என்று பலர் ஆச்சரியப்படுவது இந்தச் சிப்புக்கு பேட்டரி வேண்டாம் என்பதால்தான். அதே காரணத்தால், "திருடன் கையில் இருக்கிற சாவியில் சார்ஜ் போய்விடும்" என்று நினைத்து ஆறுதல் அடையவும் முடியாது. வருடக்கணக்கில் டிராயரில் கிடந்தாலும் அந்தச் சாவி காரை ஸ்டார்ட் செய்யும், நீங்கள் அழிக்காத வரைக்கும்.

அழிப்பது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. ஸ்டியரிங்குக்குக் கீழே காரின் கணினியோடு இணைவதற்கான ஓபிடி சாக்கெட் இருக்கும், அதில் ஸ்கேனர் என்ற கருவியைச் செருகுவார்கள். கார் கம்பெனியைப் பொறுத்து ஒரு பின் நம்பரோ பாதுகாப்புக் குறியீடோ தேவைப்படும், அதை டீலர்கள் உங்கள் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து கம்பெனியிடமிருந்து வாங்குவார்கள். அப்புறம் எல்லாச் சாவிகளையும் அழித்துவிட்டு, அங்கே கையில் இருக்கும் சாவிகளை மட்டும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பார்கள். பல கார்களில் திருட்டுப் போன சாவியை மட்டும் தனியாகப் பொறுக்கி நீக்க வழி இல்லை, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு இருப்பதைச் சேர்ப்பதுதான் முறை. அதனால் வீட்டில் இருக்கும் எல்லாச் சாவியையும் கொண்டு போங்கள். ஒன்றை அலமாரியில் விட்டுவிட்டுப் போனால் அதுவும் செத்துவிடும், அதற்காக இன்னொரு தடவை அலைய வேண்டும்.

வேலை முடிந்ததும் ஸ்கேனர் திரையை நீங்களே பாருங்கள். காருக்குத் தெரிந்த சாவிகள் எத்தனை என்று பெரும்பாலான ஸ்கேனர்களில் காட்டும். ஒரு சாவியோடு போனீர்கள் என்றால் அங்கே 1 என்று இருக்க வேண்டும். 2 என்று இருந்தால் இரண்டாவது திருடனுடையது, பழையது அழியவில்லை. தொழில் தெரிந்தவர் இதைக் காட்டச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். திரையை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இன்சூரன்ஸ் விஷயத்தில் பின்னால் கைகொடுக்கும்.

ரிமோட்டைத் தனியாகக் கேளுங்கள். சில கார்களில் சிப் பதிவு ஓரிடத்திலும் ரிமோட் பதிவு வேறிடத்திலும் இருக்கும். சிப்பை அழித்துவிட்டு ரிமோட்டை மறந்துவிட்டால், திருடன் பட்டனை அழுத்தி "டிக்" என்று கதவைத் திறப்பான், ஓட்ட முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். "இம்மொபிலைசரும் ரிமோட்டும் இரண்டும் அழித்தாயிற்றா" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

ஒரு விதிவிலக்கு சொல்லிவிடுகிறேன். பல ஃபோர்டு வண்டிகளில் எல்லாச் சாவியையும் அழித்த பிறகு குறைந்தது இரண்டு சாவிகள் சேர்த்தால்தான் கார் ஸ்டார்ட் ஆகும். ஒரே சாவியோடு போய் அழித்துவிட்டால் வண்டி அங்கேயே நின்றுவிடும். தமிழ்நாட்டில் இன்றும் நிறைய ஓடும் ஃபிகோ, ஈக்கோஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. அப்படிப்பட்ட வண்டி என்றால் முதல் நாளே ஒரு சாதாரண சிப் சாவியை, ரிமோட் இல்லாததாக இருந்தாலும், வெட்டிச் சேர்த்துக்கொள்ளலாம்.

இதுவரை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க வாய்ப்பில்லாத ஒன்று இருக்கிறது, இதைத்தான் நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். உங்களிடம் இருக்கும் இரண்டாவது சாவி கார் வாங்கும்போது கம்பெனி கொடுத்ததா, இல்லை இடையில் வெளியே போட்டதா? வெளியே டூப்ளிகேட் போடுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, புதுச் சிப் ஒன்றைக் காருக்கு முறையாக அறிமுகப்படுத்துவது. இன்னொன்று, பழைய சிப்பின் அடையாளத்தை அப்படியே நகல் எடுத்து இன்னொரு சிப்பில் எழுதுவது, அதாவது குளோன். குளோன் சாவி சீக்கிரம் தயாராகும், காரைத் தொடவே வேண்டாம், கூலியும் குறைவு. ஆனால் காருக்கு அந்த இரண்டும் ஒரே சாவி. உங்கள் கையில் இருப்பது குளோனாக இருந்து, அதன் மூலச் சாவி திருட்டுப் போயிருந்தால், எல்லாவற்றையும் அழித்துவிட்டு உங்கள் சாவியைத் திரும்பச் சேர்த்த அந்த நிமிடமே திருடனின் சாவியும் உயிர்பெற்றுவிடும். ஸ்கேனரில் 1 என்றுதான் காட்டும். சந்தேகம் இருந்தால் அந்தச் சாவியைச் சேர்க்காதீர்கள். புதுச் சிப் உள்ள சாவியை மட்டும் சேருங்கள். புதுச் சாவி போடும்போதும் "குளோன் வேண்டாம், புதுச் சிப் போட்டுக் காரில் பதிவு செய்யுங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

சரி, சிப்பும் ரிமோட்டும் போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். உலோகம் இன்னும் அவன் கையில் இருக்கிறது. கதவைத் திறக்கலாம், உள்ளே இருப்பதை எடுக்கலாம். இக்னிஷனில் போட்டுத் திருகினால் ஸ்டியரிங் லாக் விடுபடும், நியூட்ரலில் போட்டுத் தள்ளலாம், கயிறு கட்டி இழுக்கலாம். கதவு திறந்தாலே ஓபிடி சாக்கெட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, சாவி சேர்க்கும் கருவிகள் திருடர்களிடமும் இருக்கின்றன. ஆகவே பூட்டை மாற்ற வேண்டுமா என்றால், கார் தெருவில் நிற்கிறது என்றால் மாற்றுங்கள் என்பதுதான் என் பதில். கேட் போட்ட வீட்டுக்குள் நிற்கிறது, கைப்பையில் முகவரி எதுவும் போகவில்லை என்றால் சிப்பை அழிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் விஷயத்தில் ஆர்சி நகல் போயிருக்கிறது, அவனுக்கு வீடும் தெரியும் வண்டி நம்பரும் தெரியும். மாற்றுவதே சரி.

மாற்ற இரண்டு வழி. கம்பெனியிடம் முழு லாக் செட் வாங்கலாம், அதில் இக்னிஷன், கதவு, வண்டியைப் பொறுத்து டிக்கி என்று எல்லாப் பூட்டும் ஒரே சாவிக்கு வரும், விலையும் அதற்கேற்ப இருக்கும். இன்னொன்று, இருக்கிற பூட்டையே கழற்றி உள்ளே இருக்கும் தகடுகளை மாற்றியமைப்பது. கார் பூட்டுக்குள் வேஃபர் என்று சொல்லப்படும் சின்னப் பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றிலும் வெட்டு வெவ்வேறு உயரத்தில் இருக்கும், சாவியின் பள்ளமும் மேடும் அவற்றைச் சமமாக்கினால்தான் பூட்டு சுழலும். அவற்றின் வரிசையை மாற்றிவிட்டுப் புது வெட்டில் சாவி போட்டால் பழைய சாவி திரும்பாது. கைதேர்ந்த சாவிக்காரர் இதைச் செய்துவிடுவார், லாக் செட் வாங்குவதைவிட நன்றாகக் குறையும்.

பூட்டு மாறியதா என்று சோதிப்பது ரொம்ப எளிது. உங்களிடம் இருக்கும் பழைய சாவியும் திருட்டுப் போனதும் ஒரே வெட்டு. அந்தப் பழைய சாவியைக் கதவில் போட்டுத் திருகிப் பாருங்கள், இக்னிஷனிலும் போட்டுப் பாருங்கள். திரும்பக் கூடாது. லேசாக ஆட்டி, கொஞ்சம் வெளியே இழுத்தும் திருகிப் பாருங்கள், தேய்ந்த பூட்டில் ஒன்றிரண்டு தகடுகளை மட்டும் மாற்றியிருந்தால் அப்படி ஆட்டும்போது திறந்துவிடும்.

பட்டன் ஸ்டார்ட் கார் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால்: ஸ்மார்ட் கீ திருட்டுப் போவது இன்னும் அவசரம், ஏனென்றால் அவன் எதையும் செருக வேண்டாம், பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நடந்து வந்தாலே கார் திறக்கும், ஸ்டார்ட் ஆகும். அழிக்கும் முறை அதேதான். ஆனால் ஒரு நல்ல விஷயம், அந்தக் கார்களில் உலோகப் பூட்டு பெரும்பாலும் ஓட்டுநர் கதவில் ஒன்றுதான் இருக்கும், ஸ்மார்ட் கீயின் உள்ளே ஒளிந்திருக்கும் தகட்டுச் சாவிக்காக. அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் முடிந்தது. ஸ்மார்ட் கீயின் விலை சாதாரணச் சிப் சாவியைப் போலப் பல மடங்கு வரும், அதில் பேரம் பேச அதிக இடம் இல்லை.

சாவியை எங்கே போடுவது, கம்பெனியிலா வெளியிலா? சென்னை ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை போன்ற இடங்களிலும் எல்லாப் பெரிய ஊர்களிலும் திறமையான சாவிக்காரர்கள் இருக்கிறார்கள், டீலரிடம் நாள்கணக்கில் ஆவது அவர்களிடம் ஒரு மதியத்தில் முடியும். வாரண்டியில் இருக்கும் காரென்றால் டீலரிடமே போங்கள். வெளியே என்றால் ஒரு அடையாளம் சொல்கிறேன்: ஆர்சியும் உங்கள் அடையாள அட்டையும் கேட்டு வாங்கி, நோட்டில் எழுதிக்கொள்பவரிடம் போடுங்கள். எதையும் கேட்காமல் போட்டுத் தருபவர் நாளைக்கு வேறு யார் வந்து கேட்டாலும் போட்டுத் தருவார். கார் வாங்கும்போது சாவியோடு ஒரு சின்னத் தகட்டில் சாவி நம்பர் கொடுத்திருப்பார்கள். அந்த நம்பர் இருந்தால் மாதிரிச் சாவி இல்லாமலே சரியான வெட்டில் சாவி போடலாம். பலர் அதைச் சாவி வளையத்திலேயே தொங்க விட்டிருக்கிறார்கள், அப்படியானால் அதுவும் சேர்ந்து போய்விட்டது. சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பர் எழுதிக் கட்டிவிடும் அட்டையும் அப்படித்தான், கழற்றாமலே சுற்றுகிறார்கள். கீழே விழுந்த சாவியை எடுப்பவனுக்கு எந்த வண்டி என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது.

போலீஸ் புகாரைத் தள்ளிப் போடாதீர்கள். "கைப்பை திருட்டு" என்று மட்டும் எழுதாமல், காரின் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு அதன் சாவி ஒன்றும் திருட்டுப் போனது என்று புகாரில் தனி வரியாக எழுதுங்கள். முதலில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள், எஃப்.ஐ.ஆர். பதிவானால் அதன் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். "காணாமல் போனது என்று எழுதிக் கொடுங்கள், சுலபமாக முடியும்" என்று ஸ்டேஷனில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நடந்தது திருட்டு. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் உடனடியாகக் கிடைக்கும் தொலைந்த ஆவண அறிக்கை, ஆவணம் தொலைந்தவர்களுக்கானது, உங்கள் நிலைமைக்கு அது ஈடாகாது. ஸ்டேஷனில் பதிவு செய்ய மறுத்தால் புகாரின் சாராம்சத்தை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173வது பிரிவு அதற்கு வழி செய்கிறது. கோவை மாநகர எல்லைக்குள் என்றால் கமிஷனர் அலுவலகத்துக்கு.

இதெல்லாம் எதற்கென்றால் இன்சூரன்ஸுக்கு. நாளைக்குக் கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் நடக்காமல் போகட்டும், ஆனால் கார் திருட்டுப் போனால் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் பொருள்களில் ஒன்று, காரின் இரண்டு ஒரிஜினல் சாவிகளும். ஒன்றைத்தான் கொடுக்க முடியும் என்றால் இன்னொன்று எங்கே, வண்டியிலேயே விட்டீர்களா, கவனக்குறைவா என்று கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு விடை இப்போதே தயாராக இருக்க வேண்டும். புகார் நகலை இணைத்து "எனது காரின் ஒரு சாவி இந்தத் தேதியில் திருட்டுப் போனது, பழைய சாவியை அழித்துப் புதிதாகப் பதிவு செய்ய ஏற்பாடு செய்திருக்கிறேன்" என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். போனில் சொல்வது கணக்கில் வராது. சர்வீஸ் பில்லில் "புதுச் சாவி 1" என்று மட்டும் போடாமல் "பழைய சாவி பதிவு நீக்கப்பட்டது" என்றும் எழுதச் சொல்லுங்கள். வண்டியே திருட்டுப் போய், உடனே எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லத் தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக க்ளெய்மை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2020இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதை நம்பிச் சும்மா இருக்க வேண்டாம், ஆனால் அந்தத் தீர்ப்பிலும் எஃப்.ஐ.ஆர். உடனே போட்டதுதான் அடிப்படை என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் பாலிசியை எடுத்து, சாவி மாற்றத்துக்கான ஆட் ஆன், அதாவது கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கும் காப்பு, இருக்கிறதா பாருங்கள். பிரீமியத்தில் அது இருப்பதே தெரியாமல் கைக்காசு போட்டவர்கள் ஏராளம். இருந்தால் சாவி விலையோடு லாக் செட்டுக்கும் கிடைக்கக்கூடும், ஆனால் வேலை செய்வதற்கு முன்பே தகவல் கொடுக்க வேண்டும், ஒரிஜினல் பில் வேண்டும், வருடத்தில் இத்தனை முறை என்று வரம்பு இருக்கும். அந்தப் பத்தியைப் படித்துவிட்டு லாக் செட் ஆர்டர் போடுங்கள். பழைய சாவியை அழிப்பதை மட்டும் இதற்காக நிறுத்தி வைக்காதீர்கள்.

இன்றைக்கே அழிக்க முடியவில்லை, ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை என்றால், ஒரு ராத்திரியைக் கடத்த வழி இருக்கிறது. காரை வழக்கமாக நிற்கும் இடத்தில் நிறுத்தாதீர்கள், உறவினர் வீட்டுக்குள் விடுங்கள். பானெட்டுக்குள் ஃபியூஸ் பெட்டியில் ஃபியூயல் பம்ப் ஃபியூஸையோ ரிலேயையோ உருவி வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், எது என்று மூடியின் உள்பக்கம் படம் போட்டிருக்கும். ஸ்டியரிங்கில் மாட்டும் இரும்புப் பூட்டு இருந்தால் அதையும் போடுங்கள். ஆனால் இதைச் சாக்காக வைத்து, வயரை வெட்டி ரகசிய சுவிட்ச் வைக்கிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சரியாகப் போடாத ஒட்டு வயரிங் தீப்பிடிக்கும்.

பைக், ஸ்கூட்டர் சாவி போனவர்களுக்கு வேலை நேராக முடியும். பெரும்பாலான வண்டிகளில் சிப் கிடையாது, உலோகம் மட்டுமே சாவி, ஆகவே டூப்ளிகேட் போட்டுக்கொண்டு ஓட்டுவதால் பாதுகாப்பு துளியும் கூடவில்லை. லாக் செட்டை மாற்றியே ஆக வேண்டும், இக்னிஷன், பெட்ரோல் டேங்க், சீட் எல்லாம் சேர்த்து. கார் அளவுக்குச் செலவும் இல்லை, பெரும்பாலும் அன்றைக்கே முடியும். 2023இல் வந்த ஆக்டிவா எச்-ஸ்மார்ட் போல ஸ்மார்ட் கீ உள்ள ஸ்கூட்டர் என்றால் கார் மாதிரியே பழையதை நீக்கிப் புதியதைப் பதிவு செய்ய வேண்டும்.

திருட்டுப் போன சாவி போலீஸ் கையில் சிக்கித் திரும்பக் கிடைப்பதும் உண்டு. வழக்குச் சொத்தாக இருந்தால் நீதிமன்றம் வழியாகத்தான் வரும், சில காலம் ஆகும். வந்த பிறகு சிப் நல்ல நிலையில் இருந்தால் பல கார்களில் அதைத் திரும்பச் சேர்க்க முடியும். ஆனால் இடையில் யாராவது அதை நகல் எடுத்திருக்கலாம், அப்படி எடுத்திருந்தால் நீங்கள் சேர்ப்பது அந்த நகலையும்தான். அதனால் அதைக் காரில் சேர்க்க வேண்டாம். புகார் நகல், சர்வீஸ் பில் இவற்றோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள். அந்தக் காருக்கு க்ளெய்ம் எப்போதாவது போட நேர்ந்தால், ஒரிஜினல் சாவி எங்கே என்று கேட்கும்போது எடுத்துக் கொடுக்கலாம்.